காருக்குள் ஒரு டச் ஸ்கிரீன்! – பொருத்துவது எப்படி? பார்ப்பது எப்போது?

போன மாத இதழில் மிக்ஸி எப்படிச் சுற்றுகிறது என்று படித்தீர்கள். இந்தத் தடவை ஒரு காரின் டாஷ்போர்டைப் பிரித்துப் பார்க்கலாம், வாங்க!

எங்க சித்தப்பா சென்னையில் கார்களுக்கு ஸ்டீரியோ, கேமரா, லைட் மாட்டுகிற வேலை செய்கிறார். அண்ணா சாலையிலிருந்து பிரிகிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போயிருக்கிறீர்களா? வரிசையாக கார் சாமான் கடைகள்தான். சித்தப்பாவும் சாமான் வாங்க அங்கேதான் போவார். லீவு நாட்களில் நான் அவருக்குக் கையாள். ஸ்பேனர் எடுத்துத் தருவது, டார்ச் அடிப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் என் டிபார்ட்மென்ட்! அங்கே பார்த்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நம்ம பாடப் புத்தகத்தில் இருப்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஓம் விதியும் பிதாகரஸ் தேற்றமும் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு

விரலால் தொட்டால் வேலை செய்யும் திரையைப் பற்றி 1965-லேயே இங்கிலாந்தில் ஈ.ஏ. ஜான்சன் என்பவர் எழுதிவிட்டார். காருக்குள் அது வந்தது 1986-ல். அமெரிக்காவின் பியூக் ரிவியரா என்ற காரில் பழைய டி.வி. மாதிரி பிக்சர் டியூப் வைத்த டச் ஸ்கிரீன் இருந்தது. ரேடியோ, ஏ.சி. எல்லாம் அதில்தான். ஆனால் அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஓட்டுபவர்கள் ரோட்டைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா என்று குறைப்பட்டார்கள். இந்தக் குறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2014-ல் ஆப்பிள் கார்ப்ளேயும், 2015-ல் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்த பிறகு, போனில் இருக்கும் மேப்பும் பாட்டும் கார்த் திரைக்கே வந்துவிட்டன. அதனால் பழைய கார் வைத்திருப்பவர்களும் "நம்ம வண்டியிலும் ஒண்ணு மாட்டிடலாமே" என்று வருகிறார்கள்.

எந்த அளவு பொருந்தும்?

டாஷ்போர்டில் ஸ்டீரியோ உட்காரும் ஓட்டைக்கு ஒரு தர அளவு உண்டு. ஜெர்மனியின் தரநிலை நிறுவனம் வகுத்த அளவு இது. அந்த நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கத்தை வைத்து 'டின்' என்பார்கள். (தகர டின் இல்லை!)

சிங்கிள் டின்: அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ.
டபுள் டின்: அகலம் 180 மி.மீ., உயரம் 100 மி.மீ.

சரி, 7 அங்குலத் திரை இதில் அடங்குமா? இங்கேதான் பிதாகரஸ் வருகிறார். 7 அங்குலம் என்பது அகலம் இல்லை, மூலைவிட்டம். அகலமும் உயரமும் 16:9 என்ற விகிதம். 16-இன் வர்க்கம் 256, 9-இன் வர்க்கம் 81, கூட்டினால் 337. அதன் வர்க்கமூலம் சுமார் 18.36. மூலைவிட்டம் 17.78 செ.மீ. அதை 18.36-ஆல் வகுத்து, 16-ஆலும் 9-ஆலும் பெருக்கினால் அகலம் சுமார் 155 மி.மீ., உயரம் சுமார் 87 மி.மீ. ஆக, டபுள் டின் ஓட்டையில் ஓரச் சட்டத்தோடு அழகாக உட்காரும்.

9 அங்குலம்? அதே கணக்குப் போட்டால் 199 மி.மீ., 112 மி.மீ. ஓட்டையை விடப் பெரிசு! அதனால்தான் 9 அங்குல செட்டின் உடம்பு உள்ளேயும், திரை வெளியேயும் இருக்கும். அதற்கு அந்தந்தக் கார் மாடலுக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் பிரேம் வேண்டும். பிரேம் கிடைக்காத காருக்கு டாஷ்போர்டை அறுத்து மாட்டச் சொல்லி சிலர் கேட்பார்கள். சித்தப்பா முதலில் டேப்பை எடுத்து அளப்பார். திரை ஏ.சி. காற்றுத் துவாரத்தை மறைக்கக் கூடாது, கியர் போடும்போது கை இடிக்கக் கூடாது, அபாய விளக்கு பட்டனை மூடக் கூடாது, ஏர்பேக் திறக்கும் வழியில் வரவே கூடாது. இதில் எது இடித்தாலும் சின்னத் திரைதான்.

பிரிப்பதற்கு முன்: பேட்டரி!

முதல் வேலை பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவது. ஏன் பிளஸ்ஸை முதலில் கழற்றக் கூடாது? காரின் இரும்பு உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் தப்பித்தவறி உடம்பில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

அதற்குப் பிறகு சித்தப்பா உடனே கை வைக்க மாட்டார். "பத்து நிமிஷம் போகட்டும்டா" என்பார். காரணம் ஏர்பேக். பேட்டரியைக் கழற்றினாலும் ஏர்பேக் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கியில் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி இருக்கும். விபத்தில் பேட்டரி அறுந்துபோனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஏர்பேக் கப்ளர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதைத் தொடக் கூடாது, மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவும் கூடாது. மீட்டரிலிருந்து போகும் சின்ன மின்னோட்டமே வம்பாகிவிடலாம்.

டாஷ்போர்டு பேனலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கோடு விழும், கிளிப் உடையும். அதனால் பிளாஸ்டிக் நெம்பி வைத்து ஓரமாக மெதுவாக எடுக்கிறார்கள். கழற்றின ஸ்க்ரூக்களை வரிசையாக ஒரு தட்டில் வைப்பது என் பொறுப்பு.

ஒயர் நிறமும் அதன் வேலையும்

செட்டின் பின்னால் ஒரு கட்டு ஒயர் வரும். பயப்பட வேண்டாம். கடையில் விற்கும் செட்டுகளில் பெரும்பாலும் இந்த நிறங்கள்தான்:

மஞ்சள் – பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட்.
சிவப்பு – சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட்.
கறுப்பு – எர்த்.
ஆரஞ்சு – ஹெட்லைட் போட்டால் திரை வெளிச்சம் குறைவதற்கு.
வெள்ளை, சாம்பல் – முன் ஸ்பீக்கர்கள் (இடது, வலது).
பச்சை, ஊதா – பின் ஸ்பீக்கர்கள் (இடது, வலது).

ஸ்பீக்கர் ஒயர் ஜோடியில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இது செட்டின் பக்கத்து நிறம். காரின் பக்கத்து நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் நிறத்தை நம்பி இணைக்காமல் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

"மஞ்சள், சிவப்பு ரெண்டையும் ஒண்ணா முறுக்கிட்டா என்ன சித்தப்பா? வேலை சுலபம்தானே?" என்று கேட்டேன். "அப்போ சாவியை எடுத்தாலும் செட் தூங்காதுடா" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னக் கார் பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். செட் தூங்காமல் அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தால், 35-ஐ 0.5-ஆல் வகுக்க 70 மணி நேரம். மூன்று நாளில் பேட்டரி காலி! வண்டி ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கும் முன்பே வந்துவிடும். வெள்ளிக்கிழமை நிறுத்திய கார் திங்கட்கிழமை காலையில் கிளம்பாது.

பழைய ஒயரை வெட்டாமலே மாட்டுவதற்கு அந்தக் காருக்கு ஏற்ற கப்ளர் கட்டு கிடைக்கிறது. ஒரு முனை காரின் சாக்கெட்டில், மறு முனை செட்டில். அது கிடைக்காவிட்டால் சால்டரிங் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். சும்மா முறுக்கி டேப் சுற்றினால், வெயிலில் நிற்கும் கார் சூட்டில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். நம்ம ஊர் மே மாத வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

பியூஸ் – சின்னப் பொருள், பெரிய காவல்

மஞ்சள் ஒயரில் ஒரு பியூஸ் இருக்கும், 10 அல்லது 15 ஆம்பியர். அது ஏன் என்று ஜூல் வெப்ப விதி படித்தவர்களுக்குத் தெரியும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் வெப்பம் நான்கு மடங்காகும். எங்கேயாவது ஷார்ட் ஆனால் முதலில் உருக வேண்டியது பியூஸ். அதை எடுத்துவிட்டுச் செப்புக் கம்பியைச் சுற்றி வைத்தால், உருகுவது ஒயராக இருக்கும், எரிவது டாஷ்போர்டாக இருக்கும். "பியூஸ் அடிக்கடி போகுதுன்னா பியூஸ் மேல குத்தம் இல்ல, ஒயரைத் தேடு" என்பது எங்க சித்தப்பாவின் தாரக மந்திரம்.

தொட்டால் எப்படித் தெரிகிறது?

டச் ஸ்கிரீனில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் மின்சாரம் கடத்தும் இரண்டு மெல்லிய படலங்கள் இருக்கும், நடுவில் துளி இடைவெளி. அழுத்தினால் இரண்டும் ஒட்டும். ஒரு படலத்தின் ஒரு ஓரத்தில் அதிக வோல்ட், மறு ஓரத்தில் பூஜ்யம். ஒட்டிய இடத்தின் வோல்ட்டை அளந்தால் எவ்வளவு தூரத்தில் தொட்டோம் என்று தெரியும். இடம் வலம் ஒரு தடவை, மேல் கீழ் ஒரு தடவை அளந்தால் புள்ளி கிடைத்துவிடும். நம்ம கிராஃப் பேப்பர் மாதிரிதான்!

இரண்டாவது வகை இப்போது போனில் இருப்பது. கண்ணுக்குத் தெரியாத மின்முனைகள் வலை மாதிரி இருக்கும். நம் விரல் மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால், பக்கத்தில் போனாலே அந்த இடத்தின் மின்தேக்குத் திறன் மாறும். அழுத்தவே வேண்டாம். ஆனால் சாதாரண துணிக் கையுறை போட்டுத் தொட்டால் வேலை செய்யாது.

ஸ்டீயரிங் பட்டன்களின் ரகசியம்

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். சில கார்களில் ஸ்டீயரிங்கிலேயே சத்தம் கூட்ட, குறைக்க, பாட்டு மாற்ற பட்டன்கள் இருக்கும். ஐந்தாறு பட்டன்களுக்கு ஐந்தாறு ஒயர் வேண்டாமா? பல கார்களில் ஒன்றிரண்டு ஒயர்தான்! எப்படி?

ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் வெவ்வேறு மின்தடை இருக்கும். செட்டுக்குள்ளே 5 வோல்ட்டும், அதோடு தொடராக 1000 ஓம் மின்தடையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டனின் மின்தடை 'R' என்றால், ஒயரில் வரும் வோல்ட் = 5 × R ÷ (R + 1000).

R = 250 ஓம் என்றால் 1 வோல்ட்.
R = 1000 ஓம் என்றால் 2.5 வோல்ட்.
R = 4000 ஓம் என்றால் 4 வோல்ட்.
எதையும் அழுத்தாவிட்டால் 5 வோல்ட்.

புரிந்ததா? 1 வோல்ட் வந்தால் சத்தம் கூட்டு, 2.5 வந்தால் குறை, 4 வந்தால் அடுத்த பாட்டு! புது செட்டுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். செட்டிங்கில் போய், ஸ்டீயரிங் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரையில் "சத்தம் கூட்டு" படத்தைத் தொட்டால், "ஓகோ, இந்த வோல்ட் வந்தா இந்த வேலை" என்று செட் எழுதி வைத்துக்கொள்ளும்.

இதற்காக ஸ்டீயரிங்கைக் கழற்றக் கூடாது. அதன் உள்ளே கடிகாரச் சுருள்வில் மாதிரி சுருட்டி வைத்த ஒரு நாடா ஒயர் இருக்கிறது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பும்போது அறாமல் இருப்பதற்கு அது. ஏர்பேக்குக்குப் போகும் மின்சாரமும் அதே வழியாகத்தான் போகிறது. நமக்கு வேண்டிய ஒயர் டாஷ்போர்டுக்குப் பின்னாலேயே கிடைத்துவிடும்.

புதிய கார்கள் பலவற்றில் வோல்ட் முறை இல்லை. 1986-ல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் வெளியிட்ட 'கேன்' முறையில், முறுக்கிய இரண்டு ஒயர்களில் காரின் பாகங்கள் எல்லாம் செய்தி பேசிக்கொள்ளும். அந்த மொழியைச் செட்டுக்குப் புரிய வைக்க ஒரு சின்ன டீகோடர் பெட்டி மாட்ட வேண்டும்.

பின்பக்கக் கேமரா

ரிவர்ஸ் கியர் போட்டால் எரியும் வெள்ளை லைட்டிலிருந்து கேமராவுக்கு மின்சாரம் எடுப்பார்கள். அதே 12 வோல்ட்டைச் செட்டின் 'ரிவர்ஸ்' ஒயருக்கும் கொடுத்தால், கியர் போட்டதும் திரை தானாகக் கேமராவுக்கு மாறும். படம் கண்ணாடியில் தெரிவது போல இட வலம் மாறித் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் இடது பக்கம் நிற்கும் குழந்தை திரையில் வலது பக்கம் தெரியும்! அதனால் மாட்டி முடித்ததும் ஒரு ஆளைப் பின்னால் இடது பக்கம் நிறுத்திப் பார்த்துத்தான் ஒப்படைக்கிறோம். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். அப்போது எஞ்சின் ஆஃப், ஹேண்ட் பிரேக் ஆன், சாவி மட்டும் போட்டிருக்கும்.

ஒரு மெல்லிய ஒயரும் ஒரு நாள் கூலியும்

கடைசியாக மெல்லிய இளம்பச்சை ஒயர் ஒன்று மிஞ்சும். 'பிரேக்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். இது ஹேண்ட் பிரேக் சுவிட்சுக்குப் போக வேண்டும். பிரேக் போட்டு வண்டி நிற்கும்போதுதான் அந்த ஒயர் எர்த் ஆகும். அப்போதுதான் திரையில் சினிமா ஓடும். வண்டி ஓடும்போது படம் வராது. ஒயரை நேராக எர்த்தில் கொடுத்துவிட்டால் செட் ஏமாந்துவிடும், எப்போதும் படம் ஓடும்.

ஒரு சனிக்கிழமை ஒருவர் மனைவி, இரண்டு குழந்தைகளோடு வந்தார். 9 அங்குல செட், கேமரா, நான்கு ஸ்பீக்கர். அந்த வாரத்திலேயே பெரிய வேலை. எல்லாம் பேசி முடித்த பிறகு, "ஓட்டும்போதும் வீடியோ வரணும், அந்த ஒயரை எர்த்ல குடுத்துடுங்க" என்றார்.

"சார், மத்த எல்லாம் பண்ணித் தர்றேன். இது மட்டும் வேணாம். பசங்களுக்கு வேணும்னா பின் சீட்டுக்குத் தனியா ஒரு ஸ்கிரீன் மாட்டிக்கலாம்" என்றார் சித்தப்பா.

"எல்லாக் கடையிலயும் செய்றாங்களே, உங்களுக்கு மட்டும் என்ன?"

"செய்றாங்க சார். நான் மாட்டின வண்டியில நீங்க நாலு பேரும் போவீங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரணும்ல?"

அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு எங்களுக்கு ஒரு ஹாரன் மாற்றுகிற வேலை மட்டும்தான் கிடைத்தது. எனக்கு வருத்தம்தான். சித்தப்பா, "கூலி நாளைக்கு வரும்டா, போய் டீ வாங்கிட்டு வா" என்றார். அவர் செய்தது சரியா என்று அன்று ராத்திரி நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். அது இதோ.

இரண்டு நொடி கணக்கு

திரையை இரண்டே நொடி பார்க்கிறோம். அதற்குள் கார் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

மணிக்கு 40 கி.மீ. – 22 மீட்டர்
மணிக்கு 60 கி.மீ. – 33 மீட்டர்
மணிக்கு 80 கி.மீ. – 44 மீட்டர்
மணிக்கு 100 கி.மீ. – 56 மீட்டர்

60-இல் போனால் கண்ணைக் கட்டிக்கொண்டு 33 மீட்டர் ஓட்டியதற்குச் சமம்! அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் வெளியிட்ட வழிகாட்டியில், காரில் இருக்கும் சாதனத்தை ஒரு தடவைக்கு 2 நொடிக்கு மேல் பார்க்கும்படி இருக்கக் கூடாது, ஒரு வேலை முடிய மொத்தம் 12 நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். சினிமா இரண்டு நொடியில் முடியுமா?

2022-ல் ஸ்வீடனின் 'வி பிலேகாரே' என்ற கார் பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ரேடியோ மாற்றுவது, ஏ.சி. கூட்டுவது போன்ற சில வேலைகள். பட்டன்கள் இருந்த 2005-ஆம் வருட வோல்வோ காரில் 10 நொடியில் முடிந்தது. எல்லாம் திரையில் இருந்த ஒரு புதிய காரில் 44 நொடிக்கு மேல் ஆனது. அதற்குள் கார் 1.3 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது!

கார் மட்டும் இல்லை. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலைத் திருப்பும் டச் ஸ்கிரீன் குழப்பமும் ஒரு காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. 2019-ல் அமெரிக்கக் கடற்படை மறுபடியும் கைப்பிடிக்கே மாறப் போவதாக அறிவித்தது. ஐரோப்பாவின் 'யூரோ என்கேப்' கார்ப் பாதுகாப்புச் சோதனையும் 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ லீவரோ வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் குறையும் என்கிறது. 1986-ல் பியூக் காரை ஓட்டியவர்கள் சொன்ன அதே குறைதான்!

அப்போ டச் ஸ்கிரீனே வேண்டாமா?

அப்படி இல்லை நண்பர்களே. கேமரா பின்னால் நிற்கும் குழந்தையைக் காட்டுகிறது. மேப், தெரியாத ஊரில் வழி காட்டுகிறது. கையில் போனை வைத்துப் பார்ப்பதை விட எவ்வளவோ மேல். (2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பேசுவதும் ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் வருகிறது.) செட் வாங்கும்போது சத்தத்துக்குத் திருகு குமிழ் இருப்பதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். விரலுக்குத் தெரியும், கண் வேண்டாம். ஸ்டீயரிங் பட்டனை இணைக்காமல் விடச் சொல்லாதீர்கள்.

நம்மால் ஓட்ட முடியாது, லைசென்ஸ் வயது வரவில்லை. ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்தால் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. கிளம்பும் முன்னாலேயே மேப்பில் ஊரைப் போட்டுவிடுங்கள். வழியில் பாட்டு மாற்றுவது, போன் எடுப்பது எல்லாம் நம்ம பொறுப்பு. "அப்பா, நீங்க ரோட்டைப் பாருங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

மூளைக்கு வேலை

மேலே சொன்ன செட்டில் ஒரு பட்டனின் மின்தடை 1500 ஓம். அதை அழுத்தினால் ஒயரில் எத்தனை வோல்ட் வரும்?

(விடை: 5 × 1500 ÷ 2500 = 3 வோல்ட். முதலிலேயே விடையைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்!)

சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் என்னிடம் கேளுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.



– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்